டைப்பார்-டிசிவி டைபாய்டு தடுப்பூசி: ஒரே ஊசி எவ்வளவு காக்கிறது, எதுவரை காக்கிறது?

டைபாய்டு காய்ச்சலுக்கு எதிராக ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தடுப்பூசிகள் இருந்துவந்தாலும், அந்நோய் மிகுதியாகத் தாக்கும் ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குப் பொருந்தி வந்த முதல் தடுப்பூசி, கிருமியின் சர்க்கரை உறையை ஒரு புரதத்துடன் பிணைத்துச் செய்யும் கான்ஜுகேட் வகையைச் சேர்ந்ததே. இந்தியாவின் பாரத் பயோடெக் நிறுவனம் தயாரிக்கும் டைப்பார்-டிசிவி, அவ்வகையில் மிக விரிவாகச் சோதிக்கப்பட்டது. 2013இல் இந்தியாவில் உரிமம் பெற்ற இது, 2017 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பின் முன்தகுதிச் சான்றைப் பெற்றது. அந்தச் சான்று இருந்தால்தான் யுனிசெஃப் போன்ற அமைப்புகள் ஒரு தடுப்பூசியை மொத்தமாக வாங்கி நாடுகளுக்கு வழங்க முடியும். அதன்பின் வெளியான கள ஆய்வுகளையும், இதைத் தேசியத் திட்டத்தில் சேர்த்த நாடுகளின் அனுபவத்தையும் வைத்து இத்தடுப்பூசியை மதிப்பிடுகிறேன். டைபாய்டு பரவலாக உள்ள எந்த நாடும் தயங்காமல் வாங்க வேண்டிய தடுப்பூசி இது என்பது என் கருத்து. ஆனால் இரண்டு வயதுக்குள் போட்டுக்கொண்ட குழந்தைக்கு ஒரே ஊசி நெடுங்காலத்துக்குப் போதும் என்று எவரேனும் சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன். கைவசம் உள்ள சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை.

டைபாய்டை உண்டாக்கும் சால்மொனெல்லா டைஃபி என்ற பாக்டீரியாவுக்கு மனித உடலைத் தவிர வேறு இருப்பிடம் இல்லை. நோயாளியின் மலமோ, நோய் தணிந்த பின்பும் பித்தப்பையில் கிருமியைச் சுமந்து திரிபவரின் மலமோ குடிநீரிலும் உணவிலும் கலக்கும்போது அது அடுத்தவரிடம் போய்ச் சேர்கிறது. உலக சுகாதார அமைப்பு 2019ஆம் ஆண்டுக்குச் செய்த மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் சுமார் 90 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். சுமார் 1,10,000 பேர் இறக்கின்றனர். தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலத் தோன்றி, நாள்கணக்கில் நீடித்து, மூன்றாவது வாரத்தை ஒட்டிச் சிறுகுடலில் துளை விழும் அளவுக்குப் போகக்கூடிய நோய் இது. குடலில் துளை விழுந்த குழந்தையை உடனடி அறுவை சிகிச்சையால் மட்டுமே காப்பாற்ற முடியும் என்பதையும், நோய் மிகுந்த பகுதிகளில் அத்தகைய அறுவை சிகிச்சை எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தடுப்பூசியின் தேவை விளங்கும்.

இது பள்ளி செல்லும் வயதினரின் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பிற்காலக் கண்காணிப்பு ஆய்வுகள் அந்த எண்ணத்தைத் திருத்தின. 2017 முதல் 2020 வரை இந்தியாவின் சில இடங்களில் ஆறு மாதம் முதல் 14 வயது வரையிலான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், டெல்லி, கொல்கத்தா, வேலூர் ஆகிய நகர்ப்பகுதிகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் 576 முதல் 1,173 பேர் வரை இந்நோய்க்கு ஆளாவது தெரியவந்தது; புனே அருகிலுள்ள கிராமப்பகுதியில் அந்த எண்ணிக்கை 35 மட்டுமே. இரண்டு செய்திகளை இத்தகைய ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நெருக்கமான நகர்ப்புறக் குடியிருப்புகளில் நோய் கடுமையாக இருக்கிறது. பள்ளி வயதுக்காகக் காத்திருக்கும் எந்தத் தடுப்பூசித் திட்டமும் அதன் ஒரு பெரும்பங்கைத் தவறவிடுகிறது.

பழைய தடுப்பூசிகள் தடுமாறியது பள்ளிக்கு முந்தைய இந்த வயதில்தான். ஆல்ம்ராத் ரைட் 1896இல் பிரிட்டனில் அறிமுகப்படுத்திய, கொல்லப்பட்ட முழு பாக்டீரியாவைக் கொண்ட தடுப்பூசி நோயை ஓரளவு நன்றாகவே தடுத்தது. 1977 முதல் தாய்லாந்தில் பள்ளிக் குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் அவ்வகைத் தடுப்பூசி போடப்பட்டு வந்ததும், அங்கே நோய் குறைந்ததும் பதிவாகியுள்ளன. ஆனால் ஊசி போட்டவர்களில் பலருக்கும் காய்ச்சலும் தலைவலியும் கடுமையான கைவலியும் வந்ததால் அதை எங்கும் நீண்ட காலம் தொடர முடியவில்லை. அடுத்து வந்த டிஒய்21ஏ என்ற உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட மருந்து வாய்வழியாகக் கொடுக்கப்படுவது, எகிப்திலும் சிலியிலும் நன்கு சோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது. ஆயினும் அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் குறைந்தது மூன்று முறை உட்கொள்ள வேண்டும். மாத்திரைக் கூட்டை விழுங்கும் வயதும் வர வேண்டும். பயணிகளுக்கு அது ஏற்றது, தொட்டில் குழந்தைக்கு ஆகாது.

மூன்றாவதாக வந்தது விஐ பாலிசாக்கரைடு தடுப்பூசி. டைஃபி பாக்டீரியாவைச் சுற்றியுள்ள விஐ எனும் சர்க்கரைத் தொடராலான உறையைத் தனியே பிரித்தெடுத்துச் செலுத்துவது இதன் முறை. 1980களில் நேபாளத்திலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் இது பயன்தருவதைக் காட்டின. கொல்கத்தாவில் நடந்து 2009இல் வெளியான பெரிய ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் 61 சதவீதப் பாதுகாப்பும், அதே பகுதியில் போட்டுக்கொள்ளாதவர்களிடம்கூட 44 சதவீதப் பாதுகாப்பும் காணப்பட்டன. ஆனால் கராச்சியில் நடந்த அதே போன்ற ஆய்வில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடம் பாதுகாப்பு ஏதும் தெரியவில்லை. ஒரே தடுப்பூசி இரண்டு நகரங்களில் இவ்வளவு வேறுபட்டு நடந்தால், எந்த அரசும் அதை நம்பித் திட்டமிடத் தயங்கும், அப்படித்தான் நடந்தது. 2008இல் உலக சுகாதார அமைப்பே இத்தடுப்பூசிகளைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தும், நாடளாவிய திட்டங்களாக அவை வளரவில்லை.

இந்தக் குறைக்குக் காரணம் உடலின் எதிர்ப்பாற்றல் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. நீண்ட சர்க்கரைத் தொடர் ஒன்று உடலுக்குள் வந்தால், ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான பி செல்கள் அதை நேரடியாக அடையாளம் கண்டு எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. ஆனால் அவற்றுக்கு, மற்றொரு வகை வெள்ளணுக்களான டி செல்களின் உதவி கிடைப்பதில்லை, ஏனெனில் டி செல்கள் புரதத் துணுக்குகளை மட்டுமே அறிந்துகொள்ளும். அந்த உதவி இல்லாதபோது நினைவுச் செல்கள் உருவாவதில்லை. எதிர்ப்பொருள் இரண்டு மூன்று ஆண்டுகளில் தேய்ந்துவிடுகிறது. மீண்டும் ஊசி போட்டாலும் முதல் முறை கிடைத்ததைவிட மேலான எழுச்சி வருவதில்லை. இரண்டு வயதுக்கு முன்போ குழந்தையின் பி செல்கள் இத்தகைய சர்க்கரைக்குச் சரியாக எதிர்வினை காட்டுவதே இல்லை. விஐ சர்க்கரையை ஒரு புரதத்துடன் வேதியியல் முறையில் பிணைத்துவிட்டால் இந்தத் தடைகள் எல்லாம் விலகுகின்றன. சர்க்கரையை அடையாளம் கண்ட பி செல், அதனோடு பிணைந்த புரதத்தையும் சேர்த்து விழுங்கி, அதன் துணுக்குகளை டி செல்லுக்குக் காட்டுகிறது, டி செல் உதவிக்கு வருகிறது, நினைவாற்றலும் உருவாகிறது. கான்ஜுகேட் தடுப்பூசியின் அடிப்படை இவ்வளவுதான். 1980களின் இறுதியில், குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கு எதிராக வெற்றிபெற்ற உத்தியே டைபாய்டுக்கும் கொண்டுவரப்பட்டது.

அந்த உத்தியை டைபாய்டில் முதலில் நிரூபித்தவர்கள் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஜான் ராபின்ஸ், ரேச்சல் ஷ்னீர்சன், ஷௌசன் சூ ஆகியோர் அடங்கிய குழுவினர். விஐ சர்க்கரையை ஆர்ஈபிஏ என்ற புரதத்துடன் பிணைத்து அவர்கள் உருவாக்கிய தடுப்பூசி, வியட்நாமின் டோங் தாப் மாநிலத்தில் இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. இரண்டு தவணைகளில் 91.5 சதவீதப் பாதுகாப்பு கிடைத்ததாக 2001இல் வெளியான கட்டுரை கூறியது.  இவ்வளவு தெளிவான விடை கையில் இருந்தும், அவ்வகைத் தடுப்பூசி ஒன்று உலக சுகாதார அமைப்பின் சான்றைப் பெறுவதற்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. பணக்கார நாடுகளில் டைபாய்டு பயணிகளின் நோயாகச் சுருங்கிவிட்டதால் பெருநிறுவனங்களுக்கு இதில் ஆர்வம் இருக்கவில்லை. கடைசியில் வளரும் நாடு ஒன்றின் நிறுவனமே இதைச் செய்து முடித்தது.

டைப்பார்-டிசிவியில் விஐ சர்க்கரை, டெட்டனஸ் டாக்சாய்டு என்ற, நச்சுத்தன்மை நீக்கப்பட்ட புரதத்துடன் பிணைக்கப்பட்டுள்ளது. ஒரு தவணை 0.5 மில்லிலிட்டர், அதில் 25 மைக்ரோகிராம் விஐ சர்க்கரை உள்ளது. தசைக்குள் போட வேண்டும். ஆறு மாதக் குழந்தை முதல் 45 வயதுப் பெரியவர் வரை போடுவதற்கான உரிமத்துடன் இது உலகச் சந்தைக்கு வந்தது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும் என்பதால், மற்றத் தடுப்பூசிகளுக்காக ஏற்கெனவே உள்ள குளிர்பதனப் பெட்டிகளே இதற்கும் போதும். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியுடன் ஒரே நாளில் போடலாம். ஒன்பது மாதத்தில் அந்தத் தடுப்பூசிக்காக எப்படியும் குழந்தை சுகாதார நிலையத்துக்கு வரும் என்பதால், தாய்க்குக் கூடுதலாக ஒரு நாள் கூலி போகாது, திட்டத்துக்குத் தனியாக ஒரு முகாமும் தேவையில்லை. ஒரு தடுப்பூசியின் வெற்றியில் சதவீதங்களுக்கு இருக்கும் அதே பங்கு இந்த வசதிக்கும் உண்டு. பக்கவிளைவுகள் என்று பார்த்தால் ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், ஓரிரு நாள் லேசான காய்ச்சல் ஆகியவையே பெரும்பாலும் பதிவாகியுள்ளன. லட்சக்கணக்கான குழந்தைகளுக்குப் போட்ட பின்பும் அச்சப்படும்படியான எதுவும் வெளிப்படவில்லை.

இனி, சொன்னபடி காக்கிறதா என்ற கேள்வி. முதல் விடை ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. அங்கே தடுப்பூசி போட்டுக்கொண்ட தன்னார்வலர்கள், மருத்துவக் கண்காணிப்பின் கீழ், டைஃபி பாக்டீரியா கலந்த கரைசலைத் தாமே முன்வந்து குடித்தனர். காய்ச்சல் அல்லது ரத்தத்தில் கிருமி, இவற்றில் எது வந்தாலும் நோய் என்று கொண்ட கடுமையான வரையறையில் பாதுகாப்பு சுமார் 55 சதவீதம். நோயாளி காய்ச்சலோடு மருத்துவரிடம் வந்து, ரத்தப் பரிசோதனையில் உறுதியாகும் நிலைக்கு நெருக்கமான வரையறையில் 87 சதவீதம். 2017இல் இந்த முடிவு வெளியான பிறகுதான் நடவடிக்கைகள் விரைந்தன. அதே ஆண்டு அக்டோபரில் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு பரிந்துரை செய்தது. நவம்பரில், ஏழை நாடுகள் தடுப்பூசி வாங்க நிதியளிக்கும் காவி அமைப்பு 8.5 கோடி டாலரை ஒதுக்கியது. அந்நியரின் குழந்தைகளுக்காகத் தம் உடலைச் சோதனைக்குக் கொடுத்த அந்தத் தன்னார்வலர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் நோயை முன்பின் அறியாத ஆக்ஸ்ஃபோர்டு வாசிகளை வைத்து, அன்றாடம் கிருமியோடு வாழும் குழந்தைகளைப் பற்றி முடிவு செய்ய முடியாது. மேரிலாந்து பல்கலைக்கழகம், ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசிக் குழு, பாத் என்ற சுகாதாரத் தொண்டு அமைப்பு ஆகியவை இணைந்து உருவாக்கிய டைவாக் கூட்டமைப்பு, மூன்று நாடுகளில் கள ஆய்வுகளை நடத்தியது. நேபாளத்தின் லலித்பூரில் ஒன்பது மாதம் முதல் 16 வயதுக்குட்பட்ட சுமார் 20,000 குழந்தைகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பாதிக்கு டைபாய்டு தடுப்பூசியும், மறுபாதிக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் போடப்பட்டன. 2019இல் வெளியான இடைக்கால முடிவில் முதல் பிரிவில் 7 பேருக்கும், மற்றப் பிரிவில் 38 பேருக்கும் டைபாய்டு உறுதியாகியிருந்தது, பாதுகாப்பு 81.6 சதவீதம். இரண்டு ஆண்டு முடிவில் அது 79 சதவீதமாக நின்றது. மலாவியின் பிளான்டையரில் 28,000 குழந்தைகளிடம் நடந்த ஆய்வும் 80 சதவீதத்தை ஒட்டிய முடிவையே தந்தது. டாக்காவின் மிர்பூர் பகுதியில், குழந்தைகளைத் தனித்தனியாக அல்லாமல் குடியிருப்புத் தொகுதிகளாகப் பிரித்துச் செய்த ஆய்வில் 85 சதவீதம் கிடைத்தது. தென்னாசியாவின் மலைநகரமும் ஆப்பிரிக்க நகரமும் வங்கதேசத் தலைநகரின் நெரிசல் மிகுந்த பகுதியும் ஏறத்தாழ ஒரே எண்ணைச் சொல்கின்றன. கொல்கத்தாவும் கராச்சியும் முரண்பட்டு நின்ற பழைய கதையை நினைத்துப் பார்த்தால், இந்த ஒற்றுமையே எனக்கு எண்களைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

இந்தச் சதவீதங்களைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இவை எல்லாம், ரத்தத்திலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக் கண்டறியும் ரத்த வளர்ப்புப் பரிசோதனையில் உறுதியான நோயை வைத்துக் கணக்கிடப்பட்டவை. அந்தப் பரிசோதனை பத்து டைபாய்டு நோயாளிகளில் ஆறு பேரைத்தான் சரியாகக் கண்டுபிடிக்கிறது. குழந்தையிடம் குறைவான ரத்தம் எடுக்கும்போதும், முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கும்போதும் இன்னும் குறையலாம். தவறவிடப்படுவோர் இரு பிரிவுகளிலும் ஒரே விகிதத்தில் இருப்பார்கள் என்பதால் சதவீதம் பெரிதாக மாறாது. ஆனால் தடுக்கப்பட்ட நோயாளிகளின் உண்மையான எண்ணிக்கை, ஆய்வுகள் காட்டுவதைவிடக் கணிசமாக அதிகமாகவே இருக்கும்.

நீடிக்கும் காலத்தைப் பற்றி வரும்போது என் மகிழ்ச்சி சற்றுக் குறைகிறது. மலாவி ஆய்வின் இறுதி முடிவு நான்கு ஆண்டுகளுக்கும் மேலான தொடர்கவனிப்புக்குப் பின் 2024இல் வெளியானபோது, பாதுகாப்பு 78.3 சதவீதமாக இருந்தது. மிக நல்ல செய்தி. அதே ஆய்வில் இரண்டு வயதுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டவர்களைத் தனியே பார்த்தால் அது சுமார் 70 சதவீதம். டாக்காவிலோ நிலைமை வேறு. ஊசி போட்டு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் கழிந்தபோது பாதுகாப்பு பாதியளவுக்கு இறங்கியிருந்தது. சிறு வயதில் போட்டுக்கொண்டவர்களிடம் சரிவு இன்னும் கூடுதலாக இருந்தது. ஒன்பது மாதத்தில் ஊசி பெறும் குழந்தை நான்கு, ஐந்து வயதை எட்டி, வெளியே உண்ணவும் குடிக்கவும் தொடங்கி, நோயின் பிடிக்குள் நுழையும் நேரத்தில் பாதுகாப்பு தேய்கிறது என்றால் அது கவனிக்காமல் விடக்கூடிய குறையல்ல. டாக்கா முடிவுகளில் புள்ளியியல் தெளிவின்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்னாளில் ஒப்பீட்டுப் பிரிவினருக்கும் தடுப்பூசி போடப்பட்டதால் கணக்கீடே சிக்கலாகிவிட்டது. என்றாலும் எதிர்ப்பொருள் அளவும் சிறு குழந்தைகளிடம் விரைவாகக் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருப்பதால், இதைத் தற்செயல் என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை.

போட்டுக்கொள்ளாதவர்களையும் சேர்த்துக் காக்குமா என்பதிலும் எதிர்பார்ப்பு முழுதாக நிறைவேறவில்லை. டாக்கா ஆய்வு அதை அறிவதற்கென்றே தொகுதி தொகுதியாக வடிவமைக்கப்பட்டது. ஊசி போடாத அண்டை வீட்டாரிடம் உறுதியான பாதுகாப்பு எதையும் அது காணவில்லை. அங்கே பெரியவர்களுக்குப் போடவில்லை. குழந்தைகளிலும் அனைவருக்கும் போய்ச் சேரவில்லை. நாடு முழுவதும் 15 வயது வரை போடும்போது வேறு விடை வரலாம். அது வரும்வரை, ஊசி பெற்ற குழந்தைக்கு மட்டுமே பாதுகாப்பு என்ற கணக்கில் திட்டமிடுவதே நேர்மையானது. சால்மொனெல்லா பாராடைஃபி ஏ கிருமிக்கு விஐ உறை இல்லை என்பதால், அது உண்டாக்கும் டைபாய்டு போன்ற காய்ச்சலான பாராடைபாய்டை இத்தடுப்பூசி தடுக்காது. ஆப்பிரிக்காவில் பல குழந்தைகளைக் கொல்லும், டைபாய்டு அல்லாத சால்மொனெல்லா ரத்தத் தொற்றையும் தடுக்காது. பித்தப்பையில் ஏற்கெனவே குடியேறிய கிருமியையும் இது வெளியேற்றுவதில்லை.

இத்தனை குறைகளையும் தாண்டி இதை உடனடியாகப் பயன்படுத்த வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணம், மருந்துகள் கைவிடத் தொடங்கியிருப்பதுதான். 1948இல் குளோராம்பெனிகால் வந்தபோது, அதுவரை நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் கொன்றுவந்த நோய் மாத்திரையால் குணமாகும் நோயாக மாறியது. பிறகு குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் ஆகிய மூன்றுக்கும் கிருமி பழகிப்போனது. அடுத்துச் சிப்ரோஃப்ளாக்சசின் வகையும் பலனிழந்தது. 2016 நவம்பரில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலுள்ள ஹைதராபாத் நகரில் தொடங்கிய பரவலில், இவற்றோடு செஃப்ட்ரியாக்சோனுக்கும் கட்டுப்படாத கிருமி தோன்றியது. வேறொரு பாக்டீரியாவிலிருந்து பெற்ற பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையத்தின் வழியாக அது அந்தத் திறனை அடைந்திருந்தது. 2018 டிசம்பர் தொடக்கத்துக்குள் சிந்து மாகாணத்தில் அத்தகைய நோயாளிகள் 5,274 பேர் பதிவாயினர். வாய்வழியாகக் கொடுக்க அசித்ரோமைசினும், ஊசிவழியாகக் கொடுக்க விலையுயர்ந்த கார்பபெனெம் மருந்துகளுமே மிஞ்சின. அசித்ரோமைசினுக்குக் கட்டுப்படாத டைஃபியும் வங்கதேசம் உள்ளிட்ட இடங்களில் ஏற்கெனவே கண்டறியப்பட்டுவிட்டது. டைபாய்டுக்கென்று இனியொரு புதிய வாய்வழி மருந்து விரைவில் வரும் என்று எண்ணி எந்த அரசும் காத்திருக்க இயலாது.

அந்த நெருக்கடியில் தடுப்பூசி என்ன செய்தது என்பது எனக்கு இதன் மீதான நம்பிக்கையை உறுதிப்படுத்திய பகுதி. ஹைதராபாத்தின் லத்தீஃபாபாத், காசிமாபாத் பகுதிகளில் 2018இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அவசரமாக ஊசி போடப்பட்டது. பின்னர் செய்த மதிப்பீட்டில், ரத்தப் பரிசோதனையில் உறுதியான டைபாய்டுக்கு எதிராக 95 சதவீதமும், மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகைக்கு எதிராக 97 சதவீதமும் பாதுகாப்பு இருந்தது தெரிந்தது. கிருமி எத்தனை மருந்துகளை வென்றிருந்தாலும் அதன் உறை மாறவில்லை; உறையைத் தாக்கும் எதிர்ப்பொருளுக்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல. 2019 நவம்பரில் பாகிஸ்தான் இதைத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்த முதல் நாடாயிற்று; சிந்துவின் நகர்ப்பகுதிகளில் சுமார் ஒரு கோடிக் குழந்தைகளை இலக்காகக் கொண்டு இயக்கம் நடந்தது. தொடர்ந்து 2021இல் லைபீரியாவும் ஜிம்பாப்வேயும், 2022இல் நேபாளமும், 2023இல் மலாவியும் சேர்ந்தன. ஆய்வுக்காகத் தம் குழந்தைகளின் கையை நீட்டிய நேபாளத்து, மலாவிப் பெற்றோர்களின் நாடுகளுக்கே அந்தத் தடுப்பூசி வந்து சேர்ந்தது முறையான செயல். மருத்துவ ஆய்வுகளில் இது எப்போதும் நடப்பதில்லை. நகராட்சி அளவில் நவி மும்பையில் 2018இல் தொடங்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போடப்பட்டதும் குறிப்பிடத்தக்கது. ஒரு நகர நிர்வாகமே முன்வந்து செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். காவி ஆதரவு பெறும் நாடுகளுக்கு ஒரு தவணை ஒன்றரை டாலர் என்ற அளவில் இது அறிமுகமானது. தொடக்கத்தில் அத்தொகையில் பெரும்பகுதியை அந்த அமைப்பே ஏற்கிறது. டைபாய்டால் மருத்துவமனையில் கிடக்கும் ஒரு குழந்தைக்காகக் குடும்பம் இழக்கும் வருமானத்தோடு ஒப்பிட்டால் இது பொருட்படுத்தத்தக்க தொகையல்ல. இடர்ப்படுபவை காவியின் வரம்பைச் சற்றே தாண்டிய நடுத்தர வருவாய் நாடுகள்தான். நோய் அவற்றிலும் உண்டு, உதவிதான் இல்லை. போட்டியாளர்களின் வருகை இதில் நல்லது செய்யும். பயலாஜிக்கல் ஈ நிறுவனத்தின் டைஃபிபெவ் 2020 இறுதியில் முன்தகுதி பெற்றது. தென்கொரியாவின் எஸ்கே பயோசயின்ஸ் தயாரிப்பும் சைடஸ் நிறுவனத்தின் தயாரிப்பும் 2024இல் அந்த வரிசையில் சேர்ந்தன. விஐ சர்க்கரையோடு பிணைக்கப்படும் புரதம் இவற்றுள் சிலவற்றில் வேறுபடுகிறது. இவை பெரும்பாலும் எதிர்ப்பொருள் அளவை ஒப்பிட்டுப் பார்த்தே ஏற்கப்பட்டவை. நம்பகமானவையே என்றாலும், பல்லாயிரம் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து சேர்த்த சான்று டைப்பார்-டிசிவிக்கு இருக்கும் அளவுக்கு இவற்றுக்கு இல்லை. இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வாங்கும் முடிவைத் தாமதிக்கும் நாடுகள் பெரும்பாலும் சொல்லும் காரணம், தங்களிடம் டைபாய்டு எவ்வளவு உள்ளது என்ற கணக்கு இல்லை என்பது. ரத்த வளர்ப்பு செய்யும் ஆய்வகங்கள் குறைவாக உள்ள இடத்தில் கணக்கு இருக்காது. ரத்தத்தில் டைபாய்டு எதிர்ப்பொருளைத் தேடும், 1896இல் அறிமுகமான விடால் சோதனையை இன்றும் நம்பி, காய்ச்சல் வந்த எவரையும் டைபாய்டு நோயாளி என்று எழுதும் பழக்கம் உள்ள இடத்தில் இருக்கும் கணக்கையும் நம்ப முடியாது. அந்தச் சோதனை நோய் இல்லாதவரையும் நோயாளி என்று காட்டும், நோயாளியையும் விட்டுவிடும். ஆகவே முழுமையான கணக்கு வரட்டும் என்று காத்திருப்பதற்குப் பதிலாக, குடல் துளை அறுவைகளின் எண்ணிக்கை, அண்டை நாடுகளின் நிலை, நகரக் குடிநீரின் தரம் ஆகியவற்றை வைத்து முடிவெடுக்கலாம். ஆய்வகங்களைத் தடுப்பூசித் திட்டத்தோடு சேர்த்தே வளர்க்க முடியும்.

தண்ணீரைச் சுத்தமாக்கிவிட்டால் தடுப்பூசி எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. அதில் உண்மை இருக்கிறது. அமெரிக்க நகரங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிகட்டலும் குளோரின் கலப்பும் வந்த பிறகுதான் டைபாய்டு சரிந்தது. அதில் தடுப்பூசிக்குப் பெரிய பங்கில்லை. சிலியின் சான்டியாகோவில் 1991இல் காலராவுக்கு அஞ்சி, கழிவுநீரைக் காய்கறித் தோட்டங்களுக்குப் பாய்ச்சுவதை அரசு தடை செய்தது. டைபாய்டு உடனே விழுந்தது. ஆனால் குழாய்களையும் கழிவுநீர் நிலையங்களையும் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும், பெரும் பணம் வேண்டும். இன்று ஒன்பது மாதமாகும் குழந்தை அதுவரை அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கப்போகிறது. தடுப்பூசியை வாங்கிவிட்டோம் என்று குடிநீர்த் திட்டத்துக்கான பணத்தை வெட்டும் அரசு, பாராடைபாய்டையும் காலராவையும் வயிற்றுப்போக்கையும் அப்படியே விட்டுவைக்கிறது என்பதையும் அதே வேளையில் சொல்லியாக வேண்டும்.

என் பரிந்துரை இதுதான். நோய் மிகுந்த நாடுகள் ஒன்பது மாதத்திலோ இரண்டாம் வயதிலோ வழக்கமான தவணையாக இதைச் சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை 15 வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் போட வேண்டும். தொடக்க இயக்கத்தைத் தவிர்த்துவிட்டுக் கைக்குழந்தைகளுக்கு மட்டும் போடும் சிக்கனத்தை நான் ஆதரிக்கவில்லை. ஐந்து முதல் 15 வயது வரை உள்ளவர்களிடம்தான் இத்தடுப்பூசி மிக நன்றாகவும் நீண்ட காலத்துக்கும் வேலை செய்கிறது. இரண்டு வயதுக்கு முன் போட்டுக்கொண்டவர்களுக்குப் பள்ளியில் சேரும் வயதில் இன்னொரு தவணைக்கு இப்போதே நிதியும் திட்டமும் ஒதுக்குவது நல்லது. உரிமத்துக்காக இந்தியாவில் நடந்த ஆய்விலேயே, இரண்டு ஆண்டு கழித்துப் போட்ட ஊசி எதிர்ப்பொருள் அளவை மீண்டும் நன்றாக உயர்த்தியது. வெறும் பாலிசாக்கரைடு தடுப்பூசியால் முடியாத காரியம் அது. அந்த இரண்டாம் தவணை யாருக்கு எப்போது தேவை என்பதை அறிய, முதல் தவணையின் தேதியும் தடுப்பூசியின் பெயரும் குழந்தையின் அட்டையில் தெளிவாக இருக்க வேண்டும். இயக்கமாகப் போடும்போது விரலில் மை வைத்து அனுப்பிவிடும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. மை சில வாரங்களில் போய்விடும், ஐந்தாண்டு கழித்துக் கேட்டால் தாயின் நினைவு மட்டுமே மிஞ்சும். ஆகவே பெற்றோர்கள் ஊசி போடுபவரிடம் அட்டையை நீட்டி, பெயரையும் தேதியையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.